ஓதமும் கடைக்காலும்: ஓசூர் மேட்டுநிலத்து வீடுகளின் பூர்விகம்

ஓசூர்ப் பக்கத்தில் ஏதேனும் ஒரு மனையில் வீட்டுக்குக் கால் எடுக்கும் நாளில் சற்று ஒதுங்கி நின்று செவிகொடுத்தால், ஒரே பள்ளத்தை ஆளுக்கொரு பெயரால் அழைப்பதைக் கேட்கலாம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கொத்தனார் ‘கடக்கால்’ என்பார். பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர் ‘புனாதி’ என்பார். ஆனேக்கல்லிலிருந்து வண்டியேறி வந்த மேஸ்திரி ‘பாயா’ என்பார். கடன் பத்திரத்திலோ அது ‘அஸ்திவாரம்’ என்று எழுதப்பட்டிருக்கும். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக, தமிழ்நாட்டுக் கட்டட வேலைக்காரர்கள் வழிவழியாக வழங்கிவரும் ‘வானம் தோண்டுதல்’ என்ற அழகிய தொடரும் அங்கே காதில் விழும்.

இன்னொரு சொல்லும் உண்டு. தரைக்கு மேலே, வீட்டின் தளம் வரையில் எழுப்பப்படும் மேடையை நம் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்கிறார்கள். இங்கிலீஷ்காரர் நாட்டில் அந்தச் சொல் பூமிக்குக் கீழே இறங்கும் நிலவறையைக் குறிக்கும். அது கடல் கடந்து நம்மிடம் வந்தபோது பூமிக்கு மேலே ஏறிவிட்டது. சொல்லைக் கேட்டவன் தவறாகக் கேட்டான் என்று நான் நினைக்கவில்லை. குளிருக்கு அஞ்சி வீட்டைப் பூமிக்குள் இறக்கிக் கட்டும் தேவை நமக்கு இருந்ததில்லை. மழைக்கும் ஈரத்துக்கும் அஞ்சி வீட்டைப் பூமியிலிருந்து தூக்கிக் கட்டுவதே நம் வழக்கமாக இருந்தது. ஆகையால் வீட்டின் அடிப்பாகம் என்று சொன்னவுடன் நம்மவர் மனத்தில் எழுந்த உருவம் திண்ணையோடு கூடிய மேடைதான். ஆயிரம் ஆண்டுகளாக அவ்வாறு தூக்கிக் கட்டிய ஒரு பிரதேசம், சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குள் எப்படித் தண்ணீரைத் தன் வீட்டு அடியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பழைய சேலம் ஜில்லாவை மூன்று கூறாகப் பிரித்துப் பேசுவது அக்காலத்து வழக்கம்: மலைத்தொடருக்குக் கீழே தலகட்டம், கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாராமகால், அதற்கும் மேலே ஓசூர் தாலுக்காவாகிய பாலகட்டம். சூளகிரியின் ஏற்றத்தைக் கடந்ததும் காற்று மாறுவதைப் பிரயாணிகள் உணர்கிறார்கள். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை இரண்டு பருவங்களிலும் பங்கிட்டுக்கொண்டு வருவதால், சுவர் முழுவதும் காய்வதற்கு முன்னே அடுத்த மழை வந்துவிடும். மேலே செம்மண், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே பாதி உளுத்துப்போன பாறை, அப்புறம் கருங்கல். இந்த அடுக்குகளின் வழியே தண்ணீர் நேராகக் கீழே இறங்கிப் போய்விடுவதில்லை. பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் சரிந்து, எங்கே பள்ளம் கிடைக்கிறதோ அங்கே ஊற்றாகத் தலைகாட்டுகிறது.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் மல்லச்சந்திரம் என்ற ஊருக்கு அருகே ஒரு பாறைக்குன்றின் மேல், பெருங்கற்காலத்து மாந்தர் கல் பலகைகளை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு பெரும் பலகையை மூடியாக ஏற்றி அமைத்த கல்திட்டைகள் இன்றும் கூட்டமாக நிற்கின்றன. அவை இறந்தவர்களுக்கான வீடுகளே ஆயினும், இப்பகுதியின் கட்டடக்கலைக்கு ஆதிப்பாடம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காரை இல்லை, மண் பூச்சும் இல்லை. பாறையே அஸ்திவாரம், கல்லின் பாரமே கட்டு. மழை உள்ளே வரும்; வந்த வழியே வெளியேறியும் விடும். ஊறி நிற்க அங்கே இடமில்லை.

அந்தக் கல் பலகை இந்த நாட்டின் செல்வம். இங்குள்ள மொட்டைப் பாறைகள் வெங்காயத்தின் தோலைப் போல ஏடு ஏடாக உரியும் இயல்புடையவை. விறகை அடுக்கி எரித்து, சூட்டினால் மேலேடு விம்மிப் பிரியும் ஓசையைச் சுத்தியலால் தட்டிக் கேட்டுக்கொண்டே, நெருப்பைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அகன்ற பலகைகளைப் பெயர்த்தெடுக்கும் வித்தையை மைசூர்ச் சீமையின் கல் வேலைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். 1895-இல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழ் அந்த வித்தையை வியந்து ஒரு கட்டுரையே வெளியிட்டது. போயர் சமூகத்தாரின் உளியும் ஆப்பும் இல்லாமல் இந்த மேட்டுநிலத்தில் ஒரு கோயிலோ கோட்டையோ ஏரி மதகோ எழுந்ததில்லை. மாட்டுக் கொட்டகைகளும் தோட்ட வேலிகளும் மண்ணில் ஊன்றிய கல் பலகைகளாலேயே அமைந்திருப்பதைத் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரங்களில் இன்றும் பிரத்தியட்சமாகப் பார்க்கலாம்.

மண் சுவர் வீடுகளுக்கும் அடியில் கல்தான். கருங்கல்லைப் பெரிதும் சிறிதுமாகச் சேறு வைத்தோ வெறுமனே இறுக்கியோ அடுக்கி, அதன் மேல் ஒரு வரிசை நீளக்கல்லைப் படுக்க வைத்து, அப்புறமே மண் சுவரை எழுப்பினார்கள். கருங்கல் நீரை எளிதில் உறிஞ்சாது. கல் அடுக்கின் இடைவெளிகளிலோ நீர் தங்காமல் ஓடிவிடும். ஆகவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் ஈரம் சுவரில் ஏறுவது அந்த வரிசையிலேயே பெரும்பாலும் நின்றுபோயிற்று. அவ்வாறு ஏறும் ஈரத்துக்குத் தமிழில் ‘ஓதம்’ என்று பெயர். கடலின் ஏற்றத்துக்கும் அதே பெயர்தான். சுவரில் ஏறுவதும் ஓர் அலைதான், கண்ணுக்குத் தெரியாத நிதானத்தோடு ஏறும் அலை.

இத்தனைக்கும் நடுவே, இங்கே ஒரு நிலவறையும் இருந்தது. அது மனிதருக்காக அன்று, கேழ்வரகுக்காக. இந்தப் பீடபூமியின் உயிராகிய கேழ்வரகைப் பூமிக்குள் குழி வெட்டிச் சேமிப்பது ஓசூரிலிருந்து மைசூர் வரையில் பரவியிருந்த வழக்கம். கன்னடத்தில் அதை ‘ஹகேவு’ என்பார்கள். 1800, 1801-ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் தம் பிரயாண நூலில் இந்தக் குழிகளைக் குறிப்பிடுகிறார். வாய் குறுகி வயிறு அகன்ற அந்தக் குழியை எங்கே வெட்டுவது என்பதில்தான் முழுச் சாமர்த்தியமும் இருந்தது. மழைத்தண்ணீர் வழிந்தோடும் மேடாகவும், சரளை இறுகிக் கெட்டிப்பட்ட மண்ணாகவும் பார்த்து, உள்ளே வைக்கோலைக் கொளுத்தி ஈரம் போக்கி, சுற்றிலும் தாளைப் பரப்பித் தானியத்தைக் கொட்டி, கல் பலகையால் வாயை மூடி, மண்ணால் மெழுகிவிடுவார்கள். பூச்சி எளிதில் அண்டாத தானியமாதலால் கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் அங்கே கெடாமல் கிடக்கும். திறக்கும்போது உடனே இறங்க மாட்டார்கள். விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவான். இந்தக் குழிக்கு எந்தப் பூச்சும் எண்ணெயும் காவல் இல்லை. இடத்தேர்வு ஒன்றே காவல். பஞ்ச காலத்தில் ஒரு குடும்பம் உயிர் தரிப்பது அந்த ஒரு தீர்மானத்தைப் பொறுத்திருந்தது என்பதை நினைக்கும்போது, இன்று மனையின் மண்ணைக் கையால் தொட்டும் பாராமல் வரைபடம் போட்டுக் கட்டடத்தைத் தொடங்குகிற நம் அவசரம் எனக்கு வருத்தமளிக்கிறது.

கல்லையும் மண்ணையும் விட்டுச் சுண்ணாம்புக்கு வந்தால், அதற்குச் சாட்சி இப்பகுதியின் கோட்டைகள். 1791 ஜூலையில் ராயக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை கைப்பற்றியது. மறுவருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்புவின் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஓசூர்ப் பகுதி 1799-இல் அதே வழியைத் தொடர்ந்தது. ராயக்கோட்டையிலும் கிருஷ்ணகிரியிலும் மலைமேல் எஞ்சி நிற்கும் கோட்டைச் சுவர்களை ஒருமுறை பார்த்தால் அக்காலத்துச் சுண்ணாம்பின் வன்மை விளங்கும். சுக்கான்கல்லைக் காளவாயில் சுட்டு, மணலோடு சேர்த்துச் செக்கிலிட்டு மாடு கட்டி அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பக்குவப்படுத்திய காரை, மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அதற்கு ஓர் அபூர்வ குணமும் உண்டு. மயிரிழை போன்ற விரிசலில் தண்ணீர் கசிந்தால், அந்தத் தண்ணீரே காரையிலுள்ள சுண்ணத்தைக் கரைத்துக் கொண்டுவந்து விரிசலில் படியவிட்டு, காலப்போக்கில் அதை மூடிவிடும். காயம்பட்ட தோல் தானே கூடிக்கொள்வதற்கு ஒப்பான இந்தக் குணம் சிமெண்டுக்கு மிகக் குறைவு.

ஏழை வீடுகளுக்குச் சுண்ணாம்பு திருநாளில் மட்டும். மற்றபடி மண்ணும் சாணமும்தான். ஆனால் அங்கேயும் பராமரிப்பு கிரமமாக நடந்தது. மழைக்காலம் கழிந்து பொங்கலுக்கு முன்னே, சுவரடி கரைந்த இடங்களில் செம்மண்ணைப் பிசைந்து அப்பி, தெருப்பக்கம் சரிவாகக் கரை கட்டி, திண்ணையை மெழுகி, சுவருக்கு வெள்ளையடித்து முடிப்பது பெண்களின் வேலையாக இருந்தது. கட்டட சாஸ்திரம் என்ற பெயரை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. சுவரின் அடியில் தண்ணீர் நிற்கலாகாது என்ற சாஸ்திரத்தின் சாரம் முழுவதும் அந்தச் சரிவான கரையில் அடங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு ஆண்டுதோறும் தவறாமல் நடந்த அந்த வேலைக்குக் கூலி இல்லை. ஆகையால் கணக்கும் இல்லை, சரித்திரத்தில் இடமும் இல்லை.

சிமெண்டு நம் நாட்டில் காலூன்றியது தயங்கித் தயங்கித்தான். 1904-இல் சென்னையில் தொடங்கிய முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் ஏற்பட்ட ஆலையே நிலைத்தது. கோயமுத்தூருக்கு அருகே மதுக்கரை ஆலை 1934-இல் வந்தது. சேலம் ஜில்லாச் சங்ககிரியில் 1963-இல் வந்தது. இதற்கிடையே 1957-இல் காமராஜர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணை இப்பகுதி மக்களுக்குப் புதுக்காலத்துக் கட்டுமானத்தின் பெருமையைக் கண்முன் நிறுத்தியது. 1965-இல் தருமபுரி தனி ஜில்லாவாயிற்று. ஓசூரோ அப்போதும் ராகி வயல்களும் ரோஜாத் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது.

பிறகு 1971-இல் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமாகிய சிப்காட் தோன்றியது. எழுபதுகளின் நடுவில் ஓசூரில் தொழிற்பேட்டைக்கு நிலம் வகுக்கப்பட்டது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலையும், டி.வி.எஸ். மொபெட்டும், அப்புறம் 1984-இல் பிறந்த டைட்டன் கடிகாரமும் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கடன் தந்த ஹட்கோ என்ற நிறுவனத்தின் பெயர் இங்கே குடியிருப்புகளின் பெயராகவே நிலைத்துவிட்டது. பழைய ஹட்கோ, புதிய ஹட்கோ, ஆவலப்பள்ளி ஹட்கோ என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஓசூர் நகரத்து மக்கள் 1,16,821 பேர். 2019-இல் அது மாநகராட்சியாகிவிட்டது.

இந்த அவசரத்தின் தொடக்க காலத்தில் சிமெண்டு அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்ததென்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். பெர்மிட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்து மூட்டை வாங்கிய காலம் அது. 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-இல்தான் முழுவதும் நீங்கியது. கிடைத்த மூட்டைகளைத் தளத்துக்கும் தூண்களுக்கும் ஒதுக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத கடைக்காலில் கைப்பிடித்தம் செய்தவர்கள் உண்டு. சுவரில் ஏறும் ஓதத்தைத் தடுக்கப் பேஸ்மட்டத்தின் மேல் பூச வேண்டிய கெட்டிக் கலவைப் படலத்தை, ‘டி.பி.சி.’ என்று மேஸ்திரிகள் சொல்வதை, முதலில் பலியிட்டது இந்தக் கைப்பிடித்தம்தான். சுண்ணாம்புச் செக்குகளோ அதற்குள் நின்றுபோயிருந்தன. பழைய வித்தை கைநழுவி, புதிய வித்தைக்குரிய பொருள் கைக்கு வந்து சேராத அந்த இடைக்காலத்தில் கட்டப்பட்ட வீடுகளே இன்று ஓசூரில் அதிகமாக வியாதிப்பட்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

நிலத்தின் சரிவு இன்னொரு காரணம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்த மனைப்பிரிவுகளில், வீட்டின் ஒரு பாதி கன்னிமண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் இரண்டு மூன்று மழைக்காலங்களில் படிந்து இறங்க, ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் செங்கல் இணைப்புகளின் வழியே சாய்வாக விரிசல் ஓடும். பூச்சில் விழும் மயிரிழை வெடிப்புக்கும் இந்தச் சாய்வு விரிசலுக்கும் உள்ள பேதத்தை அறியாமல், இரண்டையும் ஒரே பட்டியைக் கொண்டு மூடி வர்ணம் பூசிவிடுவது நம் பெரும் பிழை.

இவற்றோடு சேர்ந்துகொண்டது ‘சம்ப்பு’. கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் வெட்டிக் கட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் அதுதான் பெயர். குழாயில் நித்தம் தண்ணீர் வராத ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறிக் காவிரி நீர் இந்தப் பகுதிக்கு மேலேறி வந்தது பெரும் பாக்கியம். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த அரிய நீரை ஒவ்வொரு வீடும் தன் கடைக்காலுக்கு ஒட்டியே தேக்கி வைக்கிறது. பழைய குடியானவன் கேழ்வரகைக் காப்பதற்காகத் தண்ணீர் அண்டாத இடத்தில் குழி வெட்டினான். நாமோ தண்ணீரையே வைப்பதற்கு வீட்டின் அடியில் குழி வெட்டுகிறோம். அந்தக் குழி ஒழுகினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன்.

பாகலூர்ச் சாலைப் பக்கம் நான் குடியிருந்த வீட்டில் படுக்கையறைச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, வர்ணம் அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்தது. அழைத்து வந்த ஒப்பந்தக்காரர் பூச்சைச் சுரண்டி, ரசாயனக் குழம்பு தடவி, மேலே சிமெண்டு பூசி, அதற்கும் மேலே மூன்றடி உயரத்துக்கு ஓடு பதித்துவிட்டுப் போனார். மறுவருஷம் ஓதம் ஓட்டுக்கு மேலே ஏறி நின்றது. ஜன்னல் மூலையில் புதிதாக ஒரு விரிசலும் கண்டது. ஈரத்துக்கு வெளியே போகும் வழியை அடைத்தால் அது மேலே போகும் வழியைத் தேடிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பின்னர் கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கிழ மேஸ்திரி வந்தார். சுவரை அவர் வெகுநேரம் பார்க்கவேயில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். சம்ப்பை விளிம்பு வரை நிரப்பச் சொல்லி, வால்வை அடைத்து, நீர்மட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனவர், மறுநாள் காலை வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். நீர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. “சொவத்துக்குச் சீக்கில்ல சாமி, தண்ணி போற வழிதான் தப்பு” என்றார்.

தொட்டியை இறைத்துக் காயவிட்டு, அடித்தளமும் சுவரும் கூடும் மூலையில் ஓடிய வெடிப்பை உளியால் அகலமாக வெட்டித் திறந்து, கெட்டிக் கலவையை அடைத்து, மூலையை வளைவாகத் திரட்டினார். வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து, உடைகல்லை நிரப்பி, அதைத் தெருச் சாக்கடைக்குச் சரிவாகத் திருப்பினார். உள்ளே ஓடுகளையும் சிமெண்டுப் பூச்சையும் முழுவதும் பெயர்த்துவிட்டு, செங்கல் வெறுமனே தெரிய ஒரு கோடை முழுவதும் சுவரை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். செங்கல்லில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்க, நாள்தோறும் அதைத் துடைப்பத்தால் தட்டி எடுத்தோம். வைகாசியில் அது நின்றது. அப்புறமே சுண்ணாம்புக் காரை. ஜன்னல் மூலை விரிசலை மட்டும் அவர் மூடவில்லை. ஒரு சிறு கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து இரு முனைகளையும் கலவையால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் இன்னும் அசைந்தால் கண்ணாடி வெடிக்கும். வெடிக்காவிட்டால் மூடிக்கொள்ளலாம் என்றார்.

கடைக்காலே இறங்கிவிட்ட கட்டடத்துக்கு இந்த வைத்தியம் போதாது. அதன் அடியிலேயே சிறிது சிறிதாகத் தோண்டி, ஒரு துண்டுக்கு அடிமானம் கொடுத்து அது இறுகிய பின் அடுத்த துண்டைத் தொட வேண்டும். ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரின் பழம்பெரும் தேவாலயம் சதுப்பு மண்ணில் சரிந்தபோது, வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரையில் இருண்ட தண்ணீருக்குள் இறங்கி, கையாலேயே தடவித் தடவி, கான்கிரீட்டு மூட்டைகளை அஸ்திவாரத்தின் அடியில் அடுக்கி அந்தக் கோயிலைக் காப்பாற்றினார். உலகப் பிரசித்தி பெற்ற அந்த வேலைக்கும், நம் தெருவில் ஒரு கொத்தனார் மூன்றடி மூன்றடியாகக் கிளறி மூலைக்கல்லைத் தாங்கி நிறுத்தும் வேலைக்கும் முறை ஒன்றுதான், பொறுமையும் ஒன்றுதான்.

இப்போது ஓசூரில் மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. அவற்றின் அடியில் வண்டிகள் நிற்கும் மெய்யான நிலவறைகள் வந்துவிட்டன. பேஸ்மட்டம் என்ற சொல் தன் பழைய அர்த்தத்துக்கே திரும்பிப் பூமிக்குள் இறங்கிவிட்டது. பாறை மேல் சரிந்து வரும் ஊற்று நீரை நாள் முழுவதும் மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்கும் நிலவறைகளை நான் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி ஜில்லாவின் கீழ்ப்பாகத்தில் நின்று பெய்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நிறுத்தியிருந்த பஸ்களையும் வேன்களையும் உருட்டிக்கொண்டு போன காட்சியை நாடு முழுவதும் பார்த்தது. வண்டிகள் போனது படத்தில் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, எத்தனையோ வீடுகளின் கடைக்காலுக்கடியில் சரளை அரித்துப்போயிருக்கக்கூடும். அந்தச் சேதம் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு கோடு விழும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

அந்த மழைக்குப் பிறகு ஒருநாள் பாகலூர்ச் சாலைப் பக்கம் போக நேர்ந்தபோது பழைய வீட்டுக்குச் சென்றேன். இப்போது வேறொரு குடும்பம் அங்கே இருக்கிறது. உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். சுவரடி காய்ந்து வெளுப்பாக இருந்தது. ஜன்னல் மூலையில் அந்தக் கண்ணாடித் துண்டு எதற்கென்று தெரியாமலே அவர்கள் அதை எடுக்காமல் விட்டிருந்தார்கள். வர்ணம் அடித்தவர் அதைச் சுற்றி ஒதுக்கி அடித்திருந்தார். தூசி படிந்திருந்ததை விரலால் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி வெடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் எழுதிய தேதியில் மாதம் அழிந்துபோய், வருஷம் மட்டும் படிக்கும்படி இருந்தது.